ஒலியை ஒலியால் அடக்கும் கேட்பொறி: அது ஊளையிடாமல் இருப்பது எப்படி?

பள்ளியில் காலைச் சபை கூடியிருக்கிறது. தலைமையாசிரியர் மேடையேறி ஒலிவாங்கியின் முன் நிற்கிறார். அவர் வாய் திறக்குமுன், மண்டபத்தின் இருபுறமும் உள்ள ஒலிபெருக்கிகள் 'கூ' என்று ஊளையிடத் தொடங்குகின்றன. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஓர் ஆசிரியர் விரைந்து சென்று பெருக்கியின் திருகைக் குறைக்கிறார்; இன்னொருவர் ஒலிவாங்கியைச் சற்றே நகர்த்தி வைக்கிறார். ஊளை அடங்குகிறது. இக்காட்சியைக் காணாத ஆசிரியர் நம்மில் எவரும் இரார்.

இனி மற்றொரு காட்சியைக் காண்போம். நெடுந்தொலைவு செல்லும் விமானத்தில் பயணி ஒருவர், ஹெட்போன் என்று எல்லாரும் சொல்லும் கேட்பொறியைத் தலையில் மாட்டி, ஒரு பொத்தானை அழுத்துகிறார். அதுவரை காதை நிறைத்திருந்த இயந்திர இரைச்சல் கதவை மூடியதுபோலத் தணிகிறது. இரைச்சலை அடக்கும் இவ்வகைக் கேட்பொறியின் ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு சிறு ஒலிபெருக்கி இருக்கிறது. அதன் அருகிலேயே ஓர் ஒலிவாங்கியும் இருக்கிறது.

மண்டபத்தில் பல அடி தள்ளி நின்றபோதே ஊளையை எழுப்பிய இவ்விரண்டும், இங்கே இரண்டு விரற்கடை இடைவெளிக்குள் எதிரெதிரே அடைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பெருக்கியும் உண்டு. அப்படியிருந்தும் கேட்பொறி ஏன் ஊளையிடவில்லை? இவ்வினாவுக்கு விடை தேடினால், இக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பதோடு, அதனால் ஏன் எல்லா ஓசையையும் அடக்க இயலவில்லை என்பதும் விளங்கிவிடும்.

ஊளை பிறக்கும் வகை

ஒலிவாங்கியில் விழும் ஓசை மின் அலையாக மாறிப் பெருக்கிக்குச் செல்கிறது. அங்கே பன்மடங்காகி ஒலிபெருக்கி வழியே மீண்டும் ஓசையாக வெளிவருகிறது. வெளிவந்த ஓசையில் ஒரு பகுதி நேராகவும், சுவரில் மோதித் திரும்பியும் மறுபடி ஒலிவாங்கியை வந்தடைகிறது. இவ்வாறு வெளியே சென்றதில் ஒரு பகுதி திரும்பி உள்ளே வந்து சேர்வதற்குப் பின்னூட்டம் என்று பெயர். இதனால் எழும் ஊளையை, டென்மார்க் நாட்டு இயற்பியல் அறிஞர் சோரன் லார்சனின் பெயரால் 'லார்சன் விளைவு' என்றும் வழங்குவர்.

பின்னூட்டம் இருந்தாலே ஊளை பிறந்துவிடாது. இரண்டு நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும். முதலாவது வலிமை பற்றியது: ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும் ஓசை, புறப்பட்டபோது இருந்ததைவிடக் குறையாமல் வர வேண்டும். இரண்டாவது காலம் பற்றியது: திரும்பி வரும் அலை, அப்போது ஒலிவாங்கியில் விழுந்துகொண்டிருக்கும் அலையோடு ஏற்றத்துக்கு ஏற்றமாகவும் இறக்கத்துக்கு இறக்கமாகவும் பொருந்தி வர வேண்டும்.

ஊஞ்சலை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஊஞ்சல் முன்னோக்கிப் போகும் தருணம் பார்த்து ஒவ்வொரு முறையும் மெல்லத் தள்ளினால், சிறுதள்ளலே பேராட்டமாகிவிடும். அதே கை, அதே வலிமையோடு, ஊஞ்சல் தன்னை நோக்கி வரும் வேளையில் தள்ளினால் ஆட்டம் அடங்கிப்போகும். வேறுபாடு கையிலும் இல்லை, வலிமையிலும் இல்லை, தள்ளும் நேரத்தில்தான் இருக்கிறது. இவ்வூஞ்சலை மறவாமல் நினைவில் வைத்துக்கொள்வோமாக. கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

எதிர் அலை என்னும் கருத்து

ஓசை என்பது காற்றில் மாறி மாறி எழும் நெருக்கமும் தளர்ச்சியுமே. ஓர் ஓசையின் நெருக்கம் வரும் இடத்தில் மற்றோர் ஓசையின் தளர்ச்சியை, அதே அளவில், அதே நொடியில் கொண்டுவந்து சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அங்கே எஞ்சுவது அமைதி.

இக்கருத்து புதியதன்று. ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் என்பவர் 1933ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1936இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அக்காலத்து மின்னணுக் கருவிகளைக் கொண்டு அதனை நடைமுறைக்குக் கொண்டுவருவது அரிதாக இருந்தது. 1953இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹாரி ஆல்சன், எவரெட் மே ஆகிய இருவரும், ஒலிவாங்கி, பெருக்கி, ஒலிபெருக்கி ஆகிய மூன்றையும் இணைத்து, தன் அருகிலுள்ள ஓசையைக் குறைக்கும் கருவி ஒன்றை விவரித்து எழுதினர்.

கேட்பொறியில் இதனைப் புகுத்தியவர்களுள் பெயர் பெற்றவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராளி ஒருவரின் மகன் இவர். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் பறந்தபோது, அங்கே கொடுக்கப்பட்ட கேட்பொறியில் இசையை இரைச்சல் விழுங்கிவிடுவதைக் கண்டு, பயணத்தின்போதே கணக்குகளைப் போட்டுப் பார்த்தார். 1986இல் நடுவில் எங்கும் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் உலகைச் சுற்றிவந்த வாயேஜர் விமானத்தின் விமானிகள் டிக் ரூட்டன், ஜீனா யேகர் இருவரும் இவருடைய நிறுவனத்தின் மாதிரிக் கேட்பொறிகளைப் பயன்படுத்தினர். 1989இல் விமானிகளுக்கான கேட்பொறி விற்பனைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் பயணிகளுக்கானதும் வந்தது.

கருத்துத் தோன்றியதற்கும் கடையில் பொருள் வந்ததற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றிருக்கிறது. இத்தனை காலம் ஏன் தேவைப்பட்டது? எதிர் அலை என்னும் கருத்தை ஒரு மாணவனுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்த எதிர் அலையைத் தடம் புரளாமல் காப்பதுதான் அரிய வேலை.

தன் பிழையைத் தானே கேட்கும் கருவி

இரைச்சலை அடக்கும் கேட்பொறிகளில் இருவகை உண்டு. முதல் வகையில் ஒலிவாங்கி கிண்ணத்தின் வெளிப்புறத்தில் இருக்கும். உள்ளே வரப்போகும் இரைச்சலை அது முன்கூட்டியே கேட்டுச் சொல்ல, கருவி எதிர் அலையை ஆயத்தம் செய்கிறது. ஆயினும் காதுக்குள் உண்மையில் என்ன நேர்ந்தது என்பது இவ்வொலிவாங்கிக்குத் தெரியாது.

இரண்டாம் வகையில் ஒலிவாங்கி கிண்ணத்துக்குள்ளேயே, காதை ஒட்டியே இருக்கும். காது கேட்பதை ஏறக்குறைய அப்படியே அது கேட்கிறது. எதிர் அலை போதவில்லையென்றால் எஞ்சிய இரைச்சலை அது உணர்ந்து, மேலும் எதிர்க்கச் செய்கிறது. இதுவே பின்னூட்ட வகை. இன்றைய நல்ல கேட்பொறிகள் பலவற்றில் இரு வகைகளும் சேர்ந்தே இருக்கின்றன.

பின்னூட்ட வகையின் ஆற்றலை எளிய கணக்கால் காணலாம். கிண்ணத்துக்குள் நுழையும் இரைச்சல் 10 அளவு என்று கொள்வோம். ஓசை ஒரு முறை இந்த வளையத்தைச் சுற்றிவரும்போது எத்தனை மடங்காகிறதோ அதனைச் 'சுற்றுப் பெருக்கம்' என்போம். அது 9 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சும் இரைச்சல் 1 அளவாக இருந்தால், பெருக்கி அதனை 9 மடங்காக்கி எதிர்த் திசையில் செலுத்தும். 10இலிருந்து 9ஐக் கழித்தால் 1. கணக்குச் சரியாகிவிட்டது. அதாவது, இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது; டெசிபெல் கணக்கில் இது 20. சுற்றுப் பெருக்கம் 99 ஆனால் நூற்றில் ஒரு பங்கே எஞ்சும்.

அப்படியானால் பெருக்கத்தை 99 என்ன, 999 என்றே வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எதிரி நண்பனாகும் இடம்

எதிர் அலை உடனே பிறப்பதில்லை. ஓசை காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. ஒரு சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு மில்லி வினாடியில் நூற்றில் மூன்று பங்கு வேண்டும். ஒலிபெருக்கியின் தகடு அசைவதற்கும் சிறிது நேரம் ஆகும். மின்சுற்றுக்கும் நேரம் ஆகும். எல்லாம் சேர்ந்து மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு சுணக்கம் ஏற்படுவதாக வைத்துக்கொள்வோம். கண்ணிமைக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் ஓசையின் அலைகளோடு ஒப்பிட வேண்டும்.

விமான இயந்திரத்தின் தாழ்ந்த உறுமல் 100 ஹெர்ட்ஸ் என்றால், அதன் ஓர் அலை முடிய 10 மில்லி வினாடி ஆகும். நம் சுணக்கம் அதில் நூற்றில் ஒரு பங்கே. எதிர் அலை மிகச் சிறிதே பிந்துகிறது. அடக்கும் வேலை செவ்வனே நடக்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் சுருதியில் ஓர் அலையின் காலம் ஒரு மில்லி வினாடி. அப்போது சுணக்கம் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. எதிர்ப்பில் கொஞ்சம் பிசகு உண்டு. ஆயினும் பயன் இருக்கிறது.

5,000 ஹெர்ட்ஸ் சுருதிக்கு வருவோம். அங்கே ஓர் அலையின் காலம் மில்லி வினாடியில் பத்தில் இரண்டு பங்குதான். நம் சுணக்கம் அதில் சரிபாதி! அரை அலை பிந்தி வரும் எதிர் அலை எதிர் அலையாகவா இருக்கும்? நெருக்கத்துக்கு எதிராகத் தளர்ச்சியை அனுப்பினோம். அது வந்து சேர்வதற்குள் அங்கே தளர்ச்சியே வந்துவிட்டது. தளர்ச்சியோடு தளர்ச்சி சேர்ந்து ஓசை வலுக்கிறது. ஊஞ்சலை நிறுத்த நீட்டிய கை, அரை ஆட்டம் பிந்தியதால், ஊஞ்சலைத் தள்ளிவிடும் கையாகிவிட்டது.

இப்போது கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்போம். அச்சுருதியில் சுற்றுப் பெருக்கம் அரை என்று கொண்டால், எஞ்சும் ஓசை 20 ஆகும். ஏனெனில் 20இல் பாதி 10. அதனோடு வெளியிலிருந்து வரும் 10ஐக் கூட்டினால் 20. அடக்க வந்த கருவி இரைச்சலை இரட்டிப்பாக்கிவிட்டது. பெருக்கம் பத்தில் ஒன்பது பங்கானால் ஓசை 100 ஆகிவிடும். பெருக்கம் சரியாக 1 ஆனால் கணக்குக்கு விடையே கிடையாது. ஓசை வளர்ந்துகொண்டே போகும். பெருக்கியின் ஆற்றல் தீரும் எல்லைவரை வளரும். வெளியே இரைச்சலே இல்லாவிட்டாலும் கருவி தானாகவே கத்தும். பள்ளி மண்டபத்து ஊளை இதுவே. இங்கே அது காதை ஒட்டிய கிண்ணத்துக்குள் நிகழும் என்பதுதான் வேறுபாடு.

தொலைபேசித் துறை தந்த விதி

இந்த இக்கட்டைக் கேட்பொறி செய்தவர்கள் முதலில் சந்திக்கவில்லை. தொலைபேசிப் பொறியாளர்கள் முன்பே சந்தித்திருந்தனர். நெடுந்தொலைவுக் கம்பிகளில் குரல் செல்லச் செல்ல நலியும். வழியில் பெருக்கிகளை வைத்து அதனை வளர்க்க வேண்டும். பெருக்கிகளோ குரலைத் திரித்துவிட்டன. 1927 ஆகஸ்ட் 2ஆம் நாள் காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குச் சென்றுகொண்டிருந்த ஹரோல்ட் பிளாக் என்பவருக்கு ஒரு வழி தோன்றியது. வெளியீட்டில் ஒரு பகுதியை எதிராகத் திருப்பி உள்ளீட்டில் சேர்த்தால் திரிபு குறையும் என்று கண்டார். கையிலிருந்த 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டின் ஒரு பக்கத்திலேயே அதனை வரைந்து வைத்தார். எதிர்ப் பின்னூட்டப் பெருக்கி இவ்வாறு தோன்றியது.

அத்தகைய பெருக்கிகளும் சில வேளைகளில் தாமாகவே கத்தின. தொலைபேசிப் பொறியாளர் அதனைப் 'பாடுதல்' என்று கேலியாகக் குறிப்பிட்டனர். எது பாடும், எது பாடாது என்பதை முன்கூட்டியே அறிய ஒரு விதியை 1932இல் வகுத்தளித்தவர், சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹாரி நைக்விஸ்ட். அவ்விதியின் சாரத்தை நம் கேட்பொறிக்கு இவ்வாறு சொல்லலாம்: சுணக்கம் அரை அலையை எட்டும் சுருதிக்கு வருமுன், சுற்றுப் பெருக்கம் 1க்குக் கீழே இறங்கிவிட வேண்டும்.

வெறுமனே இறங்கினால் போதாது; இடைவெளி விட்டு இறங்க வேண்டும். அரை அலைச் சுணக்கம் நேரும் இடத்தில் பெருக்கம் 1ஐவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது ஒரு காப்பு. பெருக்கம் 1ஆக உள்ள இடத்தில் சுணக்கம் அரை அலைக்கு இன்னும் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது மற்றொரு காப்பு. கிணற்றின் விளிம்பில் நடப்பவன் ஒரு முழம் தள்ளி நடப்பது போன்றதே இது.

சட்டென்று வெட்டினால் என்ன?

கூரிய வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிட்டு, "தாழ்ந்த சுருதிகளில் பெருக்கத்தை 99 ஆக வைத்துக்கொண்டு, உயர்ந்த சுருதிகளை ஒரு வடிகட்டியால் சட்டென்று வெட்டிவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். நல்ல வினாவே. ஆனால் இயற்கை அதற்கு இடங்கொடுக்கவில்லை. எந்த வடிகட்டி உயர்ந்த சுருதிகளைச் செங்குத்தாக வெட்டுகிறதோ, அதுவே வெட்டுமிடத்தின் அருகிலுள்ள சுருதிகளில் சுணக்கத்தை மிகுவிக்கிறது. ஊளையைத் தவிர்க்க வைத்த வடிகட்டியே ஊளையை அருகில் அழைத்து வந்துவிடும். ஆகவே பெருக்கத்தைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

வலிமைக்கும் சுணக்கத்துக்கும் உள்ள இவ்வுறவைக் கணிதத்தால் நிறுவியவர் பெல் ஆய்வுக்கூடத்தின் ஹென்ட்ரிக் போடே. 1945இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அவருடைய ஆய்விலிருந்து மற்றோர் உண்மையும் கிடைத்தது. இத்தகைய பின்னூட்டச் சுற்றில், ஒரு பகுதிச் சுருதிகளில் இரைச்சலைக் குறைத்தால், அதற்கு ஈடாக வேறொரு பகுதியில் அது கூடியே தீரும். நீர் நிரம்பிய தோற்பையை ஓரிடத்தில் அழுத்தினால் மற்றோரிடத்தில் புடைப்பதைப் போன்றது இது.

கேட்பொறியின் இயல்புகள் பலவற்றுக்கு இதுவே காரணம். இயந்திர உறுமல், குளிர்சாதனப் பெட்டியின் முரலல், ரயில் ஓட்டத்தின் அதிர்வு போன்ற தாழ்ந்த ஓசைகளை அது நன்றாக அடக்கும். மின்னணு முறை ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் சிறந்து நிற்கும். அதற்கு மேற்பட்ட கூர்மையான ஓசைகளைத் தடுப்பது கிண்ணத்தின் ஓடும் பஞ்சு மெத்தையும் செய்யும் வேலை. பக்கத்து இருக்கைக் குழந்தையின் அழுகை ஓரளவு கேட்கத்தான் செய்யும். இதனைக் கருவியின் குறை என்று சிலர் எண்ணுவர். பொறியாளர் வேண்டுமென்றே நிறுத்திக்கொண்ட எல்லை என்பதே உண்மை. அதற்கு மேல் முயன்றிருந்தால் கருவி ஊளையிட்டிருக்கும்.

காதுக்குக் காது மாறும் கணக்கு

மண்டபம் மாறுவதில்லை, காது மாறுகிறது. ஒருவர் மூக்குக்கண்ணாடி அணிந்திருப்பார். அதன் காம்பு மெத்தைக்கும் தலைக்கும் இடையே சிறு சந்தை உண்டாக்கும். ஒருவருக்கு அடர்ந்த கூந்தல் இருக்கும். ஒருவர் தலைத்துணி அணிந்திருப்பார். சந்து வழியே தாழ்ந்த ஓசையின் அழுத்தம் கசிந்துவிடும். சுற்றுப் பெருக்கம் குறையும். இரைச்சல் அடங்குவதும் குறையும். இது நட்டமே தவிர ஆபத்தன்று.

எதிர்மாறான நிலைதான் ஆபத்தானது. அணிந்தவர் கிண்ணத்தைக் கையால் அழுத்துகிறார், அல்லது தலையணையில் சாய்கிறார் என்று கொள்வோம். கிண்ணத்துக்குள் உள்ள காற்றின் இடம் சுருங்குகிறது. ஒலிபெருக்கித் தகட்டின் அதே அசைவு இப்போது கூடுதலான அழுத்தத்தை எழுப்புகிறது. சுற்றுப் பெருக்கம் உயர்கிறது. முழம் விட்டு நடந்தவன் விளிம்புக்குத் தள்ளப்படுகிறான். காதுக்குள் செருகும் சிறு கேட்பொறியை எடுத்து மூடிய கைக்குள் வைத்தால் சில வேளைகளில் மெல்லிய கீச்சொலி எழுவதும் இதனாலேயே. உள்ளே உள்ள காற்றுவெளி வழக்கமான காதின் அளவில் இல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே ஒரே காதில் அளந்து கணக்கிட்ட கேட்பொறி நம்பத்தக்கதாகாது. பலருடைய காதுகளில், இறுக்கமாகவும் தளர்வாகவும் அணியச் செய்து அளந்து, அவற்றுள் மிக மோசமான நிலையிலும் ஊளை எழாதவாறு பெருக்கத்தை வரையறுக்க வேண்டும். சிறந்த காதில் கிடைத்திருக்கக்கூடிய பேரமைதியில் ஒரு பகுதியை, எல்லாக் காதுகளின் பாதுகாப்புக்காகப் பொறியாளர் விட்டுக்கொடுக்கிறார்.

பொறியாளர் கையாளும் வழிகள்

முதல் வழி இடத்தைத் திருத்துவது. உள் ஒலிவாங்கியை ஒலிபெருக்கித் தகட்டுக்கு மிக அருகில் வைத்தால் ஓசை கடக்கும் தொலைவும் சுணக்கமும் குறையும். ஆனால் மிகவும் நெருக்கி வைத்தால் அது கேட்பதும் காது கேட்பதும் வேறுபட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே பொருத்தமான இடத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது, மின்சுற்றின் சுணக்கத்தைக் குறைப்பது. தொடக்க காலக் கேட்பொறிகளில், ஓசையை எண்ணாக மாற்றாமல் மின் அலையாகவே கையாளும் சுற்றுகள் இருந்தன, அவை விரைவானவை. இசைக்கென அமைந்த சாதாரண எண்முறைச் சுற்றில், ஓசையை எண்ணாக்கி மீண்டும் ஓசையாக்குவதற்குள் ஒரு மில்லி வினாடி வரை சென்றுவிடக்கூடும். 500 ஹெர்ட்ஸ் சுருதிக்கு அதுவே அரை அலை! எனவே, இரைச்சலை அடக்கும் எண்முறைச் சில்லுகள், இசைத்தட்டுக்குப் போதுமான நொடிக்கு 44,100 அளவீடுகள் என்னும் வேகத்தைப்போலப் பல மடங்கு வேகத்தில் அளந்து, சுணக்கத்தை மில்லி வினாடியின் சிறு பின்னமாகச் சுருக்குகின்றன.

மூன்றாவது, கிண்ணத்தின் சொந்தச் சுருதிகளை மழுக்குவது. குடத்தின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி எழுவதுபோல, கிண்ணத்துக்கும் தனக்கென்று சில சுருதிகள் உண்டு. அவற்றில் பெருக்கம் கூர்முனையாக எழும்பும். ஊளை அங்கேதான் முதலில் தலைகாட்டும். மெல்லிய துணித் திரை, நுரைப்பஞ்சு, சிறு துளைகள் ஆகியவற்றால் அம்முனைகளை மழுக்குவர். எஞ்சியதை, அந்தச் சுருதியை மட்டும் தாழ்த்தும் வடிகட்டியால் சரிசெய்வர்.

நான்காவது, காவல் வைப்பது. ஒற்றைச் சுருதி ஒன்று திடீரென்று வளர்ந்துகொண்டே போவதைக் கண்டால், அது வெளி இரைச்சலன்று, ஊளையின் தொடக்கமே என்று கருவி உய்த்துணர்ந்து பெருக்கத்தை உடனே தாழ்த்துகிறது; அபாயம் நீங்கியதும் மெல்ல உயர்த்துகிறது. சபையில் ஓடிப்போய்த் திருகைக் குறைத்த ஆசிரியரின் வேலையை இங்கே ஒரு சில்லு செய்கிறது.

ஐந்தாவது, சுமையைப் பங்கிடுவது. வெளி ஒலிவாங்கி இரைச்சலின் பெரும்பகுதியை முன்கூட்டியே குறைத்துவிட்டால், உள் வளையம் மிகுந்த வலிமையோடு உழைக்க வேண்டியதில்லை. வெளி ஒலிவாங்கிக்கும் ஒரு தொல்லை உண்டு. அதனை உள்ளங்கையால் பொத்தினால் உள்ளிருந்து கசியும் ஓசை அங்கே போய்ச் சேர்ந்து, அதுவும் ஒரு வளையமாகிவிடலாம். காவல் அதற்கும் வேண்டும்.

ஆசிரியர்கள் கருத வேண்டியது

மாணவர்களுக்கு இக்கருவியை விளக்கும்போது, "ஓர் அலைக்கு எதிர் அலையை அனுப்பினால் ஓசை மறையும்" என்பதோடு நாம் நிறுத்திக்கொள்வது வழக்கம். அது பாதி விளக்கமே. எதிர் அலை எந்நேரமும் எதிர் அலையாகவே இருக்கும் என்ற தவறான எண்ணம் அதனால் பதிந்துவிடும். நேரம் பிசகினால் எதிர்ப்பே ஆதரவாகும் என்ற மறுபாதியையும் சொன்னால்தான் பாடம் நிறைவுறும். ஊஞ்சலும் மேலே கண்ட கூட்டல் கழித்தலும் அதற்குப் போதும். உயர் கணிதம் தேவையில்லை.

சொல்லாட்சி பற்றியும் ஒன்று கூறலாம். பின்னூட்டம் என்ற சொல் இப்போது கருத்துரை என்ற பொருளிலும் வழங்குகிறது. அவ்வழக்கில் நேர்மறைப் பின்னூட்டம் பாராட்டு. எதிர்மறைப் பின்னூட்டம் குறைகூறல். பொறியியலில் நிலைமை நேர்மாறு: நேர்ப் பின்னூட்டம் ஊளைக்கு வழி, எதிர்ப் பின்னூட்டம் அமைதிக்கு வழி. இரண்டையும் ஒரே வகுப்பில் கேட்கும் மாணவன் குழம்புவான். முதற்பாடத்தில் 'வளர்க்கும் பின்னூட்டம்', 'தணிக்கும் பின்னூட்டம்' என்று தொழிலால் பெயரிட்டுச் சொல்லிவிட்டு, பிறகு கலைச்சொற்களை அறிமுகப்படுத்தலாம் என்பது என் கருத்து. ஒரே கம்பி வளையம் தாழ்ந்த சுருதியில் தணிப்பதாகவும் உயர்ந்த சுருதியில் வளர்ப்பதாகவும் இருக்கக்கூடும் என்பதை அப்பெயர்கள் எளிதில் உணர்த்தும்.

திருக்குறளின் பொருட்பாலில் 48ஆம் அதிகாரம் வலியறிதல். 49ஆம் அதிகாரம் காலமறிதல். 50ஆம் அதிகாரம் இடனறிதல். வள்ளுவர் மின்னணுவியலை அன்றே அறிந்திருந்தார் என்று சொல்ல நாம் முற்படவில்லை. அவை அரசியலுக்குச் சொல்லப்பட்டவை. ஆயினும் தமிழ் மாணவன் ஏற்கெனவே அறிந்த அவ்வரிசை, இப்பாடத்தை நினைவில் நிறுத்த நல்ல துணையாகும். எவ்வளவு பெருக்குவது என்பது வலி. எவ்வளவு பிந்துகிறது என்பது காலம். ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்பது இடம். இம்மூன்றும் பொருந்தினால் காதில் அமைதி. ஒன்று தவறினாலும் அதே கருவி ஊளையிடும். அடுத்த முறை சபையில் ஒலிபெருக்கி ஊளையிட்டால், திருகைக் குறைத்தபின், அது ஏன் அடங்கிற்று என்று மாணவர்களையே கேட்டுப் பார்ப்போம்.